எட்டு புள்ளி நாலு

"எட்டு புள்ளி நாலு," என்றார் நாகராஜ்.

நான் டிக் போட்டேன்.

"எட்டு புள்ளி நாலு."

டிக்.

"எட்டு புள்ளி நாலு. இன்னா மேடம், அந்த ஊர்ல காத்து கூட கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரி கீதே. ஒரு வாரமா எடத்த வுட்டு நவுரவே மாட்டேங்குது."

அவர் ஏதாவது சொன்னால் நான் குனிந்தபடியே சிரிப்பது வழக்கம். அன்று சிரிப்பு வரவில்லை. நாலாவது எட்டு புள்ளி நாலுக்குப் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது. அவர் ஐந்தாவதை வாசித்தார், ஆறாவதை வாசித்தார். பிறகு எண்கள் மாறின. ஒன்பது புள்ளி ஒன்று, எட்டு புள்ளி எட்டு, பத்து புள்ளி மூன்று. எல்லா ஊர்க் காற்றையும் போல அந்த ஊர்க் காற்றும் ஏறி இறங்கத் தொடங்கியது. என் கை விட்ட இடத்திலேயே இருந்தது.

"மேடம், தூங்கிட்டீங்களா?"

"இல்ல சார். படிங்க."

விட்ட எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்.

எங்கள் ஆராய்ச்சி மையம் அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய வீட்டின் மாடி. ஒரு அறக்கட்டளை நடத்தியது. மூன்று அறைகள், இரண்டு கணினிகள், ஒரு ஃபேக்ஸ் மெஷின், நான்கு பேர். எண்களை ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் தட்டச்சு செய்ததோடு ஒப்பிட்டு டிக் போடும் முறையை அங்கே கொண்டுவந்தவர் நாகராஜ். தி.நகரில் ஒரு அச்சகத்தில் பதினோரு வருஷம் ப்ரூஃப் பார்த்துவிட்டு, அச்சகம் மூடியபின் இங்கே டேட்டா என்ட்ரிக்கு வந்தவர். கண்ணை நம்பாதே, கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும், காது அப்படியில்லை என்பார். அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. வாசிப்பவர் கையில் மூலத்தாள் இருக்க வேண்டும், தாளைப் பார்க்காமல் ஒரு எண்ணும் வாயில் வரக்கூடாது. பக்கம் முடிந்ததும் இருவரும் கீழே இனிஷியல் போட வேண்டும். என்னுடையது 'ம'. அவருடையது 'நா', பக்கத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி வைப்பார்.

மார்ச் மாதத்தில் அந்த ஆறு எட்டு புள்ளி நாலுகளை வாசித்தவள் நான். என் கையில் இருந்த தாளில் அவை இல்லை.

நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையை அம்மாவுக்கு ஒருமுறை இப்படிச் சொன்னேன். வெள்ளிக் கிரகத்தை ஒரு விண்கலம் சுற்றி வருகிறது. அது ஓயாமல் ரேடியோவில் பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சைப் பூமியின் இரண்டு மூலைகளில் இரண்டு பெரிய கிண்ணங்கள் கேட்கின்றன. ஒரு கிண்ணத்துக்கு முதலில் வந்து சேரும், இன்னொன்றுக்கு ஒரு நொடியில் மிகச் சிறிய பங்கு தாமதமாக. பிறகு இரண்டு கிண்ணங்களும் திரும்பி, எத்தனையோ கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் அசையாமல் இருக்கும் ஒரு ரேடியோப் புள்ளியைக் கேட்கும். ஒரு தாமதத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் கலம் வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். கலம் தெரிந்தால் அது சுற்றும் வெள்ளி தெரியும். பல மாதம் இப்படிச் செய்தால் வெள்ளியின் பாதையைத் திருத்தி எழுதலாம். அம்மா, "சுக்கிரன் எங்க இருக்குன்னு இன்னுமா தெரியாது?" என்றாள். தெரியும், ஆனால் சில கிலோமீட்டர் தெரியாது என்றேன்.

இதில் ஒரே தொல்லை நம்முடைய காற்றுதான். காற்றில் ஈரம் இருந்தால் ரேடியோ அலை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கழிக்காவிட்டால் கலம் இல்லாத இடத்தில் இருப்பதாகத் தோன்றும். அதனால் ஒவ்வொரு நாளும் அந்தக் கிண்ணங்களுக்கு மேலே காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தது என்ற பட்டியல் வேண்டும். அது எங்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஃபேக்ஸில் வந்தது. மார்ச்சில் ஒருநாள் பாதி வந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. கரண்ட் வந்தபோது ஒரு பக்கம் இல்லை. ஆறு நாட்கள் இல்லை. வெற்றிடம் விட்டால் கணக்குப் போடும் கணினி நிரல் நின்றுவிடும். ஓட வேண்டுமே என்பதற்காக முந்தின நாளின் எண்ணையே ஆறு நாளுக்கும் போட்டேன். மறுபடி ஃபேக்ஸ் அனுப்பச் சொல்லிக் கேட்டால் போயிற்று. வெளிநாட்டு ஃபேக்ஸுக்கு மையத்தின் தலைவர் வேதாந்தம் சாரின் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் அவர் அறை வாசலுக்குப் போனேன். ஃபோனில் இருந்தார். திரும்பி வந்தேன். இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஒன்றுமே செய்யாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தார், நான்தான் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். எதற்கு என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. என் தொண்டை அப்படி. கடையில் மீதிச் சில்லறை கேட்க வராது, பஸ்ஸில் இறங்க வேண்டும் என்று சொல்ல வராது. நாலாம் நாள் நாகராஜ் ஒப்பிட உட்கார்ந்துவிட்டார். நான் வாசித்தேன். அந்த இடம் வந்தபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஆறு முறை ஒரே எண்ணைச் சொன்னேன். அடுத்த வாரம் எனக்கு மஞ்சள் காமாலை. ஒரு மாதம் கழித்து வந்தபோது வேதாந்தம் சாரின் அறைச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த வரைபடத்தை அவர் கையாலேயே புள்ளி புள்ளியாக வைத்திருந்தார். வெள்ளி, உலகம் வைத்திருக்கும் அட்டவணை சொல்வதிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பிழை அரை கிலோமீட்டர். மிகச் சுத்தமான விடை. அன்று எல்லோருக்கும் ரவா லட்டு வாங்கி வந்தார். பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் யாரோடோ மனஸ்தாபப்பட்டு வெளியே வந்தவர், ஒன்பது வருஷமாக ஒரு கட்டுரையும் எழுதாதவர் என்று நாகராஜ் சொல்லித்தான் தெரியும். அன்றைக்குப் பிறகு மாடிப்படி ஏறும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தார்.

அவர் திட்டுபவர் அல்ல. திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். எனக்கு முன்னால் சுஹாஸ் என்று ஒருவர் இருந்தார். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு பத்தி முழுக்கக் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டார். வேதாந்தம் சார் கண்டுபிடித்து, அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி வரவழைத்துக் கொடுத்து, அவர் குடித்து முடித்தபின், "நாளைலேருந்து நீங்க வரவேண்டாம் சுஹாஸ்," என்றாராம். தண்ணீர் கேட்பது போன்ற குரலில். சுஹாஸின் நாற்காலி இன்னும் இருந்தது. அதன் மேல் பழைய தாள்களை அடுக்கியிருந்தோம்.

அன்றைய ஒப்பிடுதல், கட்டுரையோடு போகும் கடைசி அட்டவணைக்காக. நாகராஜின் கையில் மூலத்தாளாக இருந்தது, மார்ச்சில் நாங்கள் இனிஷியல் போட்ட அந்தப் பக்கம்தான். அடுத்த வாரம் அமெரிக்காவிலிருந்து ஃபேக்ஸ் அனுப்புபவரே வருவதாக இருந்தது. ஃபேக்ஸ்களின் கீழே ஒரு கோணல் கையெழுத்தாக மட்டும் எங்களுக்குத் தெரிந்தவர். மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார். கடைசி ஃபேக்ஸில் ஒரு வரி எழுதியிருந்தார், அதை வேதாந்தம் சார் எங்களுக்குச் சந்தோஷமாகப் படித்துக் காட்டினார். உங்கள் முடிவு அந்த ஒரு வாரத்தின் மேல் நிறையச் சாய்கிறது, அந்த வாரத்தின் வானிலையை முதலில் பார்க்க ஆசை.

ஒப்பிட்டு முடித்து இனிஷியல் போட்டபோது என் 'ம' கோணலாக வந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மா என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூரத்தில் பிளேக் என்று நான்கு நாட்களாகப் பேப்பரில் வந்துகொண்டிருந்தது. மயிலாப்பூரில் யாரும் இருமுவதற்கே பயந்தார்கள்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஜுரமா?"

"இல்லம்மா."

"கை ஜில்லுனு இருக்கே. கழுத்துல கட்டி கிட்டி இருக்கா பாரு. ரெண்டு நாள் ஆத்துலயே இருந்துடேன். லஸ்ல மருந்துக்கடையில டெட்ராசைக்ளின் தீந்துபோச்சுங்கறான். நாலு மாத்திரைதான் கெடைச்சுது, சக்கரை டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். யார்ட்டயும் சொல்லாதே, எதிராத்து மாமி வந்து கேப்பா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மாவின் பயத்துக்கு நாலு மாத்திரை இருந்தது. என் பயத்தை எந்த டப்பாவில் வைப்பது என்று தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தேன். அமெரிக்கர் என் எதிரில் உட்கார்ந்து, எட்டு புள்ளி நாலின் மேல் விரலை வைத்து, பிறகு கீழே இறக்கி இறக்கி ஆறாவதில் நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முகம் தெரியாததால் விரல் மட்டும் தெரிந்தது.

புதன்கிழமை ஃபேக்ஸ் வந்தது. இந்தியாவிலிருந்து வரும் செய்திகளைப் பார்த்து அவருடைய நிறுவனம் பயணத்தை நிறுத்திவிட்டது. மன்னிக்கவும். விமானங்களும் ரத்தாகின்றன. உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் பிரார்த்திக்கிறேன்.

ஃபேக்ஸை மெஷினிலிருந்து எடுத்தவள் நான். சுவரைப் பிடித்துக்கொண்டேன். சூரத்தில் எத்தனை பேர் செத்திருந்தார்கள் என்று அன்று காலைதான் படித்திருந்தேன், அப்படியிருந்தும் என் உடம்பு முழுவதும் நன்றி சொன்னது. அந்த நன்றி யாருக்கு என்று யோசித்ததும் ஃபேக்ஸை அவசரமாக வேதாந்தம் சாரின் மேஜைக்குக் கொண்டுபோனேன்.

வேதாந்தம் சார் ஃபேக்ஸை இரண்டு முறை படித்தார். "எலிக்குப் பயந்துட்டார்," என்றார் நாகராஜிடம். பிறகு என்னைப் பார்த்து, "அவர் வரலைன்னா என்ன, நாமளே அனுப்பிடலாம். அட்டவணை ரெடிதானே? நாளன்னிக்கு கூரியர்ல போட்டுடறேன்," என்றார்.

"ரெடி சார்," என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எவ்வளவு எளிதாக வந்தது என்பது எனக்கே ஆச்சரியம். உண்மை சொல்லத்தான் என் தொண்டை அடைக்கும் போலிருக்கிறது.

இனி யாரும் பார்க்கமாட்டார்கள். அது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அமெரிக்கர் பார்த்திருந்தால் பிடிபட்டிருப்பேன், ஆனால் அதோடு முடிந்திருக்கும். இப்போது அந்த எண் போகும். வேறு யாரோ அதை அட்டவணையில் சேர்ப்பார்கள். அடுத்த கலத்துக்கு வழி போடுபவர்கள் அதைப் பார்ப்பார்கள். மறுபடி அளந்து சரிபார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வெள்ளியைச் சுற்றிக்கொண்டிருந்த கலத்தை அக்டோபரில் அதன் காற்றுக்குள் இறக்கப்போகிறார்கள், அது எரிந்துவிடும் என்று செய்தி வந்திருந்தது. அதன் பிறகு அங்கிருந்து எந்தப் பேச்சும் வராது. அந்த ஆறு நாட்கள் எப்படி இருந்தன என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கிண்ணம் இருக்கும் நிலையத்தின் கோப்பு. அதைக் கேட்க ஒரு ஃபேக்ஸ். அதற்கு ஒரு கையெழுத்து.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், நாகராஜ் டிபன் டப்பாவோடு கீழே போனபின், அந்த ஆறு நாட்களையும் நீக்கிவிட்டு நிரலை ஓட்டினேன். நாற்பது நிமிடம் ஆகும். கணினியின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். விடை வந்தது. இரண்டு கிலோமீட்டர், புள்ளி இரண்டாகிவிட்டது. பிழை ஒன்று புள்ளி நாலு. பிழையை விட விடை சிறியதானால் விடை இல்லை என்று அர்த்தம். வெள்ளி எல்லோரும் சொல்லும் இடத்திலேயே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆறு நாட்களையும் திரும்பச் சேர்த்து, எட்டு புள்ளி நாலுக்குப் பதில் பதினான்கு என்று போட்டேன், மழை பெய்திருந்தால் என்ன என்று பார்க்க. மறுபடி நாற்பது நிமிடம். நாகராஜ் வந்து அவர் இடத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார். வெள்ளி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போயிருந்தது. மூன்று கிலோமீட்டர். பல கோடிக் கிலோமீட்டர்களுக்கு அப்பால் ஒரு கிரகம், காந்தி நகர் மாடியில் நான் இரண்டு விசையை அழுத்தியதற்கு நகர்ந்திருந்தது. திரையை அணைத்துவிட்டேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பார்க்கவில்லை.

சாயங்காலம் நாகராஜுடன் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். அவருக்குத் தேனாம்பேட்டை, எனக்கு மயிலாப்பூர். நின்றவர்களில் பாதிப் பேர் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். நாகராஜும் கட்டியிருந்தார், ஓரத்தில் பூப்போட்ட கைக்குட்டை, மனைவியுடையதாக இருக்கும்.

"சார், ஒரு விஷயம்."

"சொல்லுங்க மேடம். இன்னா, காலைலேர்ந்து பேய் அறைஞ்ச மாதிரி கீறீங்க?"

சொன்னேன். நாலைந்து வாக்கியம்தான். கீழே பார்த்துக்கொண்டு சொன்னதால் அவருடைய செருப்புக்குத்தான் சொன்னேன். முடித்ததும் நிமிர்ந்தேன். அவர் கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பேப்பர பாக்காத வாசிச்சீங்க."

"ஆமா."

"ஆறு வாட்டியும்."

"ஆமா சார்."

"அன்னிக்கே கேட்டேனே, ஒரே நம்பரா வருதே கரெக்டான்னு. கரெக்ட்டுன்னீங்க." அவர் குரல் உயரவில்லை. "பதினோரு வருஷம் ப்ரெஸ்ல. ஒருவாட்டி கல்யாணப் பத்திரிகைல மாப்ள பேருக்கு பதிலா அவங்க நைனா பேரு வந்துட்ச்சு. ரெண்டு வூட்டுக்காரனும் வந்து சண்ட. அப்போ கூட ஒப்பிட்ட பேப்பர எடுத்துக் காட்டினேன், என் டிக் கரெக்டா இருந்துச்சு. மேடம், நான் உங்க வாய நம்பித்தான் டிக் போட்டேன்."

பக்கத்தில் நின்ற ஒருவர் இருமினார். கூட்டம் இரண்டடி விலகியது. நாங்கள் இருவரும் விலகவில்லை.

"எவ்ளோ வித்தியாசம்?"

"ரெண்டு கிலோமீட்டர்."

"ரெண்டா?" அவர் கையைத் தூக்கினார். "தேனாம்பேட்டை சிக்னல்லேர்ந்து ஆழ்வார்பேட்டை. ஆட்டோக்காரன் மீட்டர் கூட போடமாட்டான். அம்மாந்தொலைவுல கீது, யார் போய் டேப் வெச்சி பாக்கப் போறாங்க?"

"அடுத்த கலம் போறப்ப இதைப் பார்ப்பாங்க சார்."

"ஆளு கீறாங்களா அதுல?"

"இல்ல."

"அப்புறம் இன்னா." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "வர்ற மார்ச்சுல எனக்கு வேலை ரினிவல். வூட்ல ரெண்டு பேர் படிக்கிறாங்கோ. சுஹாஸு எம்.எஸ்சி., அவரையே காப்பி குடுத்து அனுப்பிச்சாரு. நான்லாம் எம்மாத்திரம்? எனக்கு காப்பி கூட கெடையாது."

அது அவருடைய வழக்கமான கிண்டல்தான். சிரிக்கவேண்டிய இடத்தில் இருவரும் சிரிக்கவில்லை. அவர் பஸ் வந்தது. ஏறிப் படியில் நின்றவர் திரும்பினார். அதுவரை என்னை அவர் ஒருமுறை கூட ஒருமையில் அழைத்ததில்லை.

"சொல்றதுன்னா நீ சொல்லிக்க. என் பேர இழுக்காத."

பஸ் போன பின்னும் நின்றேன். என் பஸ் இரண்டு போயின. சொல்லாமல் இருந்தால் அந்த எண் போகும். சொன்னால் வேதாந்தம் சார் முதலில் கேட்பது பக்கத்தைத்தான். பக்கத்தின் கீழே 'நா', அழுத்தமான புள்ளியோடு. தாளைப் பார்த்து வாசித்ததை அவர் கேட்டார், சரியாக இருந்தது என்பதற்கு அந்தப் புள்ளி சாட்சி.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு வேதாந்தம் சாரின் அறை வாசலில் நின்றேன். அவர் மேஜையில் பெரிய பழுப்பு உறை இருந்தது. முகவரி எழுதியாகிவிட்டது. உறையின் வாய்க்குப் பசை தடவ பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கையில் மார்ச் மாதத்துப் பக்கத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தேன். அது ஈரமாகிவிட்டது. திரும்பிவிட முடியும் என்று தோன்றியது. ஐந்தடி பின்னால் வைத்தால் என் நாற்காலி. அவர் நிமிரவே இல்லை.

"உள்ள வாம்மா. ஏன் எப்பவும் வாசல்லயே நின்னுட்டுப் போயிடறே?"

அப்படியானால் மார்ச்சிலும் பார்த்திருக்கிறார். மூன்று நாளும்.

உள்ளே போனேன். சொன்னேன். என் குரல் எங்கோ பக்கத்து அறையில் வாசிப்பது போலக் கேட்டது. கரண்ட் போனது, பக்கம் இல்லாதது, முந்தின நாள் எண், ஆறு நாள். அவர் பசைக் குச்சியைப் பாட்டிலுக்குள்ளேயே விட்டுவிட்டுக் கையை நீட்டினார். பக்கத்தைக் கொடுத்தேன். மேஜை மேல் விரித்து, சுருளாமல் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டு ஓட்டிப் பாத்தியா?"

"பார்த்தேன் சார்."

"எவ்வளவு?"

"புள்ளி ரெண்டு. பிழை ஒண்ணு புள்ளி நாலு."

அவர் கண்ணை மூடினார். இமைக்குப் பின்னால் விழி அசைந்தது. சுவரில் அந்த வரைபடத்தின் ஒரு மூலை காற்றாடியின் காற்றில் எழும்பி எழும்பி விழுந்தது. நான் காப்பிக்காகக் காத்திருந்தேன். உண்மையிலேயே அப்படித்தான், அவர் இப்போது காப்பி சொல்லப்போகிறார் என்று என் காதுகள் காத்திருந்தன.

"ஒண்ணுமில்ல," என்றார் அவர்.

என்னிடம் சொன்னாரா, விடையைச் சொன்னாரா என்று தெரியவில்லை. உறையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பத்து விரல் தூரம் இருக்கும். பிறகு கண்ணைத் திறந்து பக்கத்தின் அடியைப் பார்த்தார்.

"இதுல நாகராஜ் இனிஷியல் இருக்கே. அவர் எதைப் பாத்து ஒப்பிட்டார்?"

இதற்கு நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்பது வரைதான் யோசித்திருந்தேன்.

"அன்னிக்கு அவர் வரலை சார். லீவு. அதையும் நான்தான் போட்டேன்."

"நீயா போட்டே?"

"ஆமா சார்."

"அவர் மாதிரியே."

"ஆமா."

உள்ளே வந்ததிலிருந்து முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு புள்ளி வரைபடத்தில் கோட்டை விட்டு வெளியே விழுந்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அப்போதுதான், அந்த ஒரு கணத்தில், நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. ஏழாவது முறையாகத் தாளைப் பார்க்காமல் வாசித்திருக்கிறேன்.

பக்கத்து அறையில் நாகராஜின் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"தேதி?"

"மார்ச் பதினேழு."

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். மேல் தட்டிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நீளமான நோட்டு, சிவப்புக் காலிகோத் துணி அட்டை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டார். செப்டம்பர். நான்கு வரிசைகள், நான்கு பேர். மூன்றாவதான நாகராஜின் வரிசையில் ஊதா மையில் ஒரே மாதிரியான சின்னக் கையெழுத்து, கட்டத்துக்குக் கட்டம், ஒரு கட்டமும் காலியில்லாமல் ஓரம் வரை ஓடியது. ஆகஸ்ட். அதே ஊதா வரிசை. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. காலடி வராந்தாவில் வந்தது, அவசரமில்லாமல், வாசலில் வந்து நின்றது. நான் திரும்பவில்லை. வேதாந்தம் சாரும் நிமிரவில்லை. ஜூலை. ஜூன். தாள் பழசாக ஆக ஊதா கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனால் எங்கும் விட்டுப்போகவில்லை. மே மாதத் தாள் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி விரலை ஈரமாக்கி, நகத்தின் நுனியால் அதை மெல்லப் பிரிக்கத் தொடங்கினார்.